நடுப்பலகை இறங்கவில்லை என்றால் சுத்தியலை எடுப்பதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. 14 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, மண்டபத்தில் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஓரம் மணலில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். வாடைக்காலம் முழுக்க அது கரையிலேயே கிடந்தது. இப்போது கடலில் இறக்கினால் நடுப்பலகை, அதாவது சென்டர்போர்டு, கால்வாசி இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. திரும்ப முழுதாக மேலேயும் ஏறுவதில்லை. பலகை மரம்தான், மேலே ஃபைபர் பூச்சு இருக்கிறது என்கிறீர்கள். பக்கத்தில் ஒருவர் மேலிருந்து கட்டை வைத்துச் சுத்தியலால் இறக்கச் சொல்கிறார். இன்னொருவர் பலகை ஏறி இறங்குகிற கூடான பலகைப் பெட்டியை அறுத்துத் திறந்துவிடலாம் என்கிறார். எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். பலகை எந்த இடத்தில் பிடிக்கிறது, எதனால் பிடிக்கிறது என்பதை ஒரு காலைப்பொழுதில் கண்டுபிடித்துவிடலாம். அது தெரிந்துவிட்டால் பெரும்பாலும் சுத்தியலுக்கும் ரம்பத்துக்கும் வேலை இருக்காது. இந்தக் கரையில் சின்னப் பாய்ப்படகுகளையும் ஃபைபர் வள்ளங்களையும் பல வருடமாகப் பழுது பார்த்து வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சுத்தியல் ஏன் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காற்றுக்குக் குறுக்கே ஓடும்போது பாய் படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. தண்ணீருக்குள் நின்று அந்தத் தள்ளலைத் தாங்குவது நடுப்பலகை. பலகை வாங்குகிற பாரம் முழுக்கப் பெட்டிக்கும், பெட்டி படகின் அடியோடு சேர்கிற ஒட்டுக்கும் போகிறது. படகிலேயே அதிகம் உழைக்கிற இடம் அந்த ஒட்டுதான். மேலிருந்து அடித்தால் பலகை போய்வருகிற நீள இடுக்கில் சிக்கிய கல் ஆப்பாக இறுகி, பெட்டியின் இரண்டு சுவர்களையும் வெளியே தள்ளும். ஒட்டில் மெல்லிய விரிசல் விழும். அன்றைக்கு அது கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் மிதவைக்காக மூடி வைத்திருக்கும் அறைக்குள் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும், படகு ஏன் கனக்கிறது என்று காரணம் தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். சிக்கிய பலகையை எடுப்பது ஒரு நாள் வேலை. ஒட்டு விட்டுப்போனால் அடியைச் சுரண்டி, காயவைத்து, மறுபடி ஃபைபர் போட வேண்டும்.

படகைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பாயை இறக்கிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் படகைச் சும்மா மிதக்கவிட்டுப் பலகையை அசைத்துப் பார்த்தீர்களா? பாயில் காற்று நிறைந்து படகு சாய்ந்து ஓடும்போது பலகை பெட்டியின் ஒரு சுவரோடு அழுந்தி நிற்கும். அந்த நேரத்தில் எவ்வளவு நல்ல பலகையும் ஏறவோ இறங்கவோ அடம்பிடிக்கும். படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, காற்றுக்கு நேராகத் திருப்பி, பாய்க்கயிற்றை இளக்கிவிட்டால் அழுத்தம் போய்விடும், பலகையும் அசையும். ஓட்டத்தில் மட்டும் சிக்குகிறது, நின்றால் சிக்கவில்லை என்றால் பழுது எதுவும் இல்லை, ஓட்டுகிற பழக்கத்தை மாற்றினால் போதும். இன்னொன்று, மரப்பலகை மிதக்கும். இரும்புத் தகடு தன் கனத்தில் தானே இறங்கும், மரப்பலகையைக் கயிறு போட்டுக் கீழே இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். உங்கள் படகில் ஏற்றுகிற கயிறும் இறக்குகிற கயிறும் இரண்டும் இருக்கின்றனவா, கயிறு கப்பியை விட்டு நழுவி அதன் ஓரத்தில் செருகிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எழுதியதில் மேலேயும் ஏறுவதில்லை என்பதால் கயிறு காரணமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

சரி, இனி படகைக் கரையேற்ற வேண்டும். ஓதம் பெரிதாக ஏறி இறங்குகிற ஊர்களில் படகை மணல் திட்டில் நிறுத்திவிட்டு, தண்ணீர் வற்றியதும் அடியைப் பார்த்துவிடுவார்கள். நம் பக்கம் அது நடக்காது. பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. அதனால் நாலு பேரைக் கூப்பிட்டு, சவுக்குக் கட்டைகளை உருளையாகப் போட்டு இழுத்து ஏற்றுவதுதான் வழி. பாய்மரத்தைக் கழற்றிவிட்டு, பழைய டயர்களின் மேல் படகைப் பக்கவாட்டில் சாயுங்கள். முட்டுக் கட்டைமேல் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் படுத்து வேலை செய்யாதீர்கள். சிக்கிய பலகை எப்போது விடுபடும் என்று சொல்ல முடியாது. விடுபட்டால் இடுக்கில் இருக்கிற விரல் போய்விடும். பலகை சுழல்கிற உலோகப் பின்னை (pin) தண்ணீரில் மிதக்கும்போது கழற்றவும் கூடாது. பல படகுகளில் அந்தப் பின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும், துளை வழியாகப் படகுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

சாய்த்ததும் டார்ச் அடித்து இடுக்கைப் பாருங்கள். பிறகு வளையக்கூடிய ஒரு மெல்லிய பட்டை வேண்டும். பெட்டிகளைக் கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டை போதும், மெல்லியதாகச் சீவிய மூங்கில் பத்தையும் நல்லது. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அது பெட்டியின் உட்பூச்சைக் கீறிவிடும். பட்டையைப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே விட்டு, அணியம் பக்கத்திலிருந்து அமரம், அதாவது பின்முனை, பக்கம் வரைக்கும் மெதுவாக நகர்த்துங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே பெட்டியின் வெளிப்புறம் பென்சிலால் குறியுங்கள். மறுபக்கமும் இதே மாதிரி. இந்தக் குறிகள் நிறையச் சொல்லிவிடும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நின்றால் கல், சிப்பி, கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடல் உயிர்) மாதிரி ஏதோ ஒன்று சிக்கியிருக்கிறது. அடி ஓரம் நெடுக நின்றால் மணல் அடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் எதிரெதிராக ஒரே உயரத்தில் அகலமாகப் பிடித்தால் பலகை உப்பியிருக்கிறது, அல்லது பெட்டிச் சுவர் உள்ளே வந்திருக்கிறது. பின்னைச் சுற்றி மட்டும் பிடித்தால் பின்னையும், அது உட்காரும் வளையமான புஷ்ஷையும் பார்க்க வேண்டும்.

உங்கள் படகில் எனக்கு முதல் சந்தேகம் மணல்மேல்தான். பல மாதம் மணலில் உட்கார்ந்த படகு, பிறகு மணலிலேயே இழுத்து இறக்கப்பட்டது. படகை இழுக்கும்போது அடியில் இருக்கிற இடுக்கு மணலை வாரிக்கொண்டே வரும். வடகடல் ஓரத்து மணல் பொடி, அதோடு சேறும் பாசியும் கலந்து காய்ந்தால் கெட்டியாகிவிடும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பக்கம் வேறு மாதிரி, அங்கே செத்த பவளத் துண்டும் உடைந்த சிப்பியும்தான் சிக்கும். அவை முனை முனையாக இருப்பதால் ஒரே துண்டு போதும், பலகை நின்றுவிடும். படகு தண்ணீரில் நங்கூரத்தில் கிடந்திருந்தால் கொட்டலசைச் சந்தேகப்படுவேன். பெட்டிக்குள் வெயில் படாது, தூரிகை எட்டாது, அது ஒட்டி வளர அதைவிட வசதியான இடம் கிடையாது.

சிக்கியதை எந்தப் பக்கம் எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். எப்போதும் வந்த வழியே, கீழ்ப்பக்கமாக வெளியே எடுக்க வேண்டும். முதலில் பெட்டியின் மேல் திறப்பிலிருந்து நல்ல தண்ணீரைக் குழாய் வைத்து வேகமாக விட்டு, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒருவர் கயிற்றைப் பிடித்துப் பலகையை ஒரு விரல் அளவு மேலே ஏற்ற வேண்டும், அப்புறம் கீழே, மறுபடி மேலே. கீழே மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் கல் இறுகும். எதிர்ப்பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் அது புரண்டு நழுவும். இன்னொருவர் கீழிருந்து பட்டையால் மணலை வாரிக்கொண்டே இருக்கட்டும். பொறுமையாகச் செய்தால் முக்கால்வாசிப் படகுகள் இதிலேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம். கொட்டலசு ஒட்டியிருந்தால் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துக் காத்திருக்கலாம், அதன் ஓடு சுண்ணாம்பு என்பதால் மெல்லக் கரைந்து இளகும். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டை இதற்கு எடுக்காதீர்கள். பின், கப்பி, தகடு என எந்த உலோகத்தையும் அது அரித்துவிடும்.

டீசலோ பழைய எண்ணெயோ ஊற்றினால் வழுக்கும் என்று கரையில் நிச்சயம் யாராவது சொல்வார்கள். வேண்டாம். எண்ணெய் பட்ட இடத்தில் அடுத்த முறை மணல் அப்பிக்கொண்டு சந்தனம் போல இறுகும், இடுக்கின் வாயில் ரப்பர் பட்டை இருந்தால் அதுவும் ஊதிக் கெட்டுப்போகும். மிச்சம் கடலில்தான் போய்ச் சேரும், வடகடல் ஓரத்துக் கடற்புல்லில் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கின்றன. வழுக்க வைக்க வேண்டுமானால், பலகையைக் கழற்றி உலர்த்திய பிறகு மெழுகுவத்தியை அதன்மேல் தேய்த்தால் போதும்.

மணல் போன பிறகும் பலகை பிடித்தால் பின்னைக் கழற்றி, பலகையை வெளியே எடுங்கள். உப்பியிருக்கிறதா என்று பார்க்க நேரான ஒரு மட்டப்பலகையை அதன்மேல் குறுக்காக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தட்டையாக இருக்க வேண்டிய இடத்தில் மேடு தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஒரு ரூபாய்க் காசால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள், ஃபைபர் தோல் மரத்தை விட்டுப் பிரிந்த இடத்தில் சத்தம் மாறும். தண்ணீர் நுழைகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். பாறையிலோ பவளத்திலோ இடித்துக் காயம்பட்ட கீழ் முனை ஒன்று, பின் போகிற துளை இன்னொன்று. மரம் நீளவாக்கில் அவ்வளவாக ஊதாது, குறுக்குவாக்கில்தான் ஊதும். பலகையின் தடிமன் இருப்பதும் அந்தத் திசையில்தான். பொதுவாக மரப்பலகைக்கு இரு பக்கமும் தலா 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள், அதாவது 20 மில்லிமீட்டர் பலகைக்கு 26 மில்லிமீட்டர் இடுக்கு. கொஞ்சம் உப்பினால் இதில் பாதி போய்விடும், மிச்சத்தை மணல் அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் பலகை நிற்கும். உங்கள் படகிலும் இப்படி இருக்கலாம், ஆனால் பலகையைத் தட்டிப் பார்க்காமல் அதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

உப்பிய பலகையை உடனே இழைப்புளியால் சீவிவிடக் கூடாது. ஈரத்தோடு சீவி, ஈரத்தோடு பூசினால் உள்ளே இருக்கிற தண்ணீர் அங்கேயே அடைபட்டு மரத்தை அழுகவைக்கும். பிரிந்த தோலை அறுத்து எடுத்துவிட்டு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்திக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிப் பலகை வளைந்துகொள்ளும். காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. வாரம் ஒருமுறை எடை போடுங்கள், எடை குறைவது நின்ற பிறகு பூச்சு வேலையைத் தொடங்கலாம். நம் பக்கத்துப் பட்டறைகளில் ஃபைபரை ஒட்டி இறுக்குகிற பிசினாகப் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின்தான் இருக்கும். ஃபைபரோடு ஃபைபர் ஒட்ட அது நல்லது, ஆனால் மரத்தோடு நீண்ட காலம் பிடிக்காது, ஈரத்தையும் உள்ளே விடும். பலகைக்கு எப்பாக்ஸி என்கிற வேறு வகை ரெசின்தான் போட வேண்டும், விலை கூடினாலும். பின் துளையை அளவைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டியாகக் குழைத்த எப்பாக்ஸியால் அடைத்து, அது இறுகியதும் அதற்குள் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது பின் உராய்ந்தாலும் மரம் வெளியே தெரியாது, தண்ணீர் நுழைய வழியும் இருக்காது. உள்மரம் மெத்தென்று ஆகியிருந்தால் பழுது பார்க்க வேண்டாம். ஐஎஸ் 710 தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டில் பழைய பலகையை அச்சாக வைத்துப் புதிதாக அறுத்துக்கொள்ளுங்கள், அது சீக்கிரம் முடியும், நீடித்தும் உழைக்கும்.

பாலியஸ்டர் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் மற்றதைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

பலகை நேராக, சரியான தடிமனில் இருந்து, அப்படியும் பிடித்தால் குறை பெட்டியில். இடுக்கின் அகலத்தை முன், நடு, பின் என மூன்று இடத்தில், மேலேயும் கீழேயும் அளந்து எழுதுங்கள். நடுவில் மட்டும் குறைந்திருந்தால் சுவர்கள் உள்வாங்கியிருக்கின்றன. படகைத் தாங்குகட்டை சரியில்லாமல் வைத்தாலோ, உள்ளே மழைத் தண்ணீர் தேங்கிக் கனத்தாலோ, அதோடு இங்கத்திய வெயிலும் சேர்ந்தால் ஃபைபர் மெல்ல மெல்ல வடிவம் மாறும். இந்த நிலையில் பலகையை மெலிதாகச் சீவி நுழைத்துவிடுவது தற்காலிகமாகத்தான் உதவும், மற்ற இடங்களில் பலகை ஆட்டம் கண்டு பெட்டியை அடித்துக்கொண்டே இருக்கும். சுவரைச் சரியான அகலத்துக்கு ஆப்பு வைத்து விரித்து, வெளிப்புறம் ஃபைபர் அடுக்கி, மேல் விளிம்பைக் குறுக்குப் பலகையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இது நீங்களாகச் செய்கிற வேலை கிடையாது, கைத்தேர்ச்சி உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் பலகை வெளியே இருக்கும்போது ஒரு சோதனை செய்துவிடுங்கள். படகை நிமிர்த்தி, இடுக்கின் அடிவாயை டேப்பும் பலகையும் வைத்து அடைத்து, பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் விடுங்கள். ஒட்டில் ஈரம் கசிந்தால் விரிசல் எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பின்னைப் பற்றிச் சுருக்கமாக. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடல்நீரில் குழி விழும், 316 வாங்குங்கள். புஷ்ஷுக்கு நைலான் கொடுப்பார்கள். நைலான் தண்ணீர் குடித்து ஊதி, பின்னை இறுக்கிப் பிடிக்கும். கடையில் டெல்ரின் என்கிற பிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் சரியான பிறகு மறுபடி சிக்காமல் இருக்க, கடற்கரையிலிருந்து சின்னப் படகு ஓட்டுகிறவர்கள் செய்கிற ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். பலகை முழுதாக மேலே ஏறிய நிலையிலும் அதன் கீழ் மூலை இடுக்கின் வாயருகே இருக்கும். அந்த மூலையில் சின்னத் துளை போட்டு, எப்பாக்ஸியால் துளையின் உள்சுவரை மூடி, ஒரு சாண் நீளக் கயிற்றை முடிச்சுப்போட்டுத் தொங்கவிடுங்கள். படகை இறக்கியதும் பலகை சிக்கினால் முழங்கால் தண்ணீரில் நின்றபடி கையைக் கீழே விட்டு அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடலாம், மறுபடி கரையேற்ற வேண்டியதில்லை. படகை வைக்கும்போது இடுக்கு மணலில் படாதபடி இரண்டு கட்டைமேல் வையுங்கள். இறக்கியவுடன் பாயை விரிப்பதற்கு முன் பலகையைப் பலமுறை ஏற்றி இறக்கி, உள்ளே வந்த மணலைக் கொட்டிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பலகை கால்வாசிதானே இறங்குகிறது, பரவாயில்லை, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று இப்போது கிளம்பாதீர்கள். தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று தொடங்கிவிட்டால் வடகடல் கரையில் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கரையோரம் அலை இல்லாததால் கடல் சாதுவாகத் தெரியும். போவது சுலபம். திரும்பி வரக் காற்றை எதிர்த்து மடக்கி மடக்கி ஓட்ட வேண்டும், அதற்குப் பலகை முழுதாக இறங்கி நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் படகு முன்னே போவதைவிடப் பக்கவாட்டில் நழுவுவதுதான் அதிகமாக இருக்கும், அந்தத் திசையில் 1974இல் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளும் கடலுக்குப் போவதில்லை, அதனால் வழியில் பார்த்து இழுத்து வருவதற்கு ஆள் கிடைப்பது அரிது. பலகை சரியாகும்வரை காற்று கரையைப் பார்த்து வீசுகிற நாளில் மட்டும், ஆழமில்லாத இடத்தில், துடுப்போடும் நங்கூரத்தோடும் இறங்குங்கள். மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரக் காவல் போலீஸின் 1093 இரண்டு எண்களையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை எங்கெங்கே நின்றது, இடுக்கின் ஆறு அளவுகள் என்ன, பலகையின் தடிமன் முனையிலும் நடுவிலும் பின்னருகிலும் எவ்வளவு என்று அளந்து எழுதினால், பலகையில் கை வைக்க வேண்டுமா பெட்டியில் கை வைக்க வேண்டுமா என்பதை இங்கிருந்தே சொல்ல முயல்கிறேன். படம் எடுத்தால் படகைச் சாய்த்து, இடுக்கை அமரம் பக்கத்திலிருந்து நீளவாக்கில் எடுங்கள், சுவர் வளைந்திருந்தால் அந்தக் கோணத்தில்தான் தெரியும்.